மூன்றாவது கம்பி

நடுக்கடலில் ஓடிக்கொண்டிருக்கும் கப்பலின் முதுகில் ஒரு போர்விமானத்தைக் கொண்டுவந்து இறக்குவதைப் போலக் கடினமான காரியம் மனிதகுல வரலாற்றில் இன்னொன்று இல்லை. நெஞ்சுறுதி, கட்டுப்பாடு, கடமை மூன்றும் ஓருடம்பில் வாய்த்த அபூர்வப் பிறவிகளால் மட்டுமே அது ஆகும். இதை கமாண்டர் டெரிக் பாம்ஃப்ரி அடிக்கடி சொல்வார். சொல்லும்போது அவர் காலில் கம்பளிச் செருப்பு இருக்கும். இடம், தென் இங்கிலாந்தில் கோஸ்போர்ட் ஊரில் அவர் வீட்டு மாடியில் கொதிகலனை ஒட்டிய சின்ன அறை. துணி உலர்த்தும் சட்டத்தைக் கொஞ்சம் நகர்த்தினால்தான் நாற்காலியில் உட்கார முடியும்.

நிஜ விமானத்தில் அவர் ஏறியது வாழ்நாளில் ஆறு தடவை. ஆறும் மயோர்க்காத் தீவுக்கு விடுமுறைக்குப் போகவும் வரவும். கப்பல் என்றால் துறைமுகத்தைக் கடந்து போர்ட்ஸ்மத்தில் கொண்டுபோய் விடும் ஃபெர்ரிதான். நகரசபையின் வாகன நிறுத்தப் பிரிவில் இருபத்தாறு வருஷம், மஞ்சள் கோட்டில் நின்ற கார்களுக்கு அபராதச் சீட்டு எழுதிவிட்டு ஓய்வு பெற்றவர். கணினியில் விமானம் ஓட்டும் பதினொரு பேரைச் சேர்த்து 'பதினேழாவது புயற்பறவைப் படை' என்று ஒன்றை நடத்திவந்தார். முதல் பதினாறு படைகள் எங்கே போயின என்று யாரும் கேட்டதில்லை. அதை 'கேம்' என்று யாராவது சொன்னால் 'சிமுலேஷன்' என்று திருத்துவார். வானொலியில் பேசும்போது அவரை 'சார்' என்றுதான் கூப்பிட வேண்டும். அது நாலாவது விதி.

எதிர்க்கரையில் சில நாட்கள் நிஜ விமானந்தாங்கிக் கப்பலே வந்து நிற்கும். ஊரே வேடிக்கை பார்க்கும். படை மட்டும் திரும்பிப் பார்க்காது. அந்தக் கப்பலின் விமானங்கள் அந்தரத்தில் நின்று, கோழி முட்டைமேல் உட்காருவது போல மெதுவாக உட்காரும். தளத்தில் கம்பி கிடையாது. கம்பி இல்லாத கப்பல் ஒரு கப்பலா என்பது டெரிக்கின் கேள்வி.

அவர்களுக்குக் கம்பிதான் எல்லாம். கப்பலின் பின்பக்கம் குறுக்கே நாலு இரும்புக் கம்பிகள். விமானத்தின் வாலில் ஒரு கொக்கி. மூன்றாவது கம்பியில் மாட்டினால் உத்தமம். இரண்டும் நாலும் பரவாயில்லை. முதல் கம்பி என்றால் உயிரோடு இருப்பதே கடவுள் புண்ணியம். எதிலும் மாட்டவில்லையென்றால் தளம் முழுக்க ஓடி மறுமுனையில் திரும்ப ஆகாயத்துக்கு ஏறியாக வேண்டும். அதனால் சக்கரம் தளத்தைத் தொட்ட அந்தக் கணமே என்ஜினை முழுவேகத்துக்குத் தள்ளிவிட வேண்டும். நிற்பதற்காக வேகமெடுப்பது. மனித புத்திக்கு நேர் எதிரான வேலை.

மால்கம் டட்டுக்கு அது கடைசிவரை பிடிபடவில்லை. அவர் முப்பத்துநாலு வருஷம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவர். நிறுத்தம் வந்தால் பைய நிறுத்து, பின்னால் பிள்ளைகள் எழுந்து நிற்கிறார்கள் என்பது அவர் வலது காலில் ஊறியிருந்தது. காலில் ஊறியது எப்படியோ கைக்கும் ஏறிவிட்டது. சக்கரம் தளத்தைத் தொடும்; அவர் கை, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலைத் தானாகப் பின்னுக்கு இழுத்துவிடும். கப்பலிலிருந்து கிளம்பும்போதும் அவருக்குப் பழைய வாய்தான். "பிடிச்சுக்குங்க பிள்ளைங்களா, கிளம்புது" என்பார். போர்விமானத்தில் அவரைத் தவிர வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.

இருவருக்கும் பழக்கம் ஏற்பட்டதே ஓர் அபராதச் சீட்டால்தான். பள்ளி வாசலில் நிறுத்தக் கூடாத இடத்தில் பேருந்தை நிறுத்தி, வாந்தி எடுத்த பிள்ளையை மால்கம் கீழே இறக்கிக்கொண்டிருந்தபோது டெரிக் சீட்டு எழுதினார். வாந்திக்கு விதியில் விலக்கு இல்லை. முறையிட வந்த மால்கமுக்கு இவ்வளவு கறாரான மனிதனை இதுவரை பார்த்ததில்லை என்று வியப்பாகிவிட்டது. சண்டை போட வந்தவர் பியர் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். இந்த ஆள் எழுதினால் எழுதியதுதான், இவன் வாயில் பொய் வராது என்று மனைவி கிளெனிஸிடம் சொன்னாராம்.

படையில் டெரிக்குக்கு விமானம் ஓட்டும் வேலை இல்லை. கப்பலின் பின்முனை மேடையில் நின்று, மற்றவர்கள் இறங்குவதைப் பார்த்து மதிப்பெண் போடுவார். பலகையில் நல்ல இறக்கத்துக்குப் பச்சை, சுமாருக்கு மஞ்சள், கம்பி சிக்காமல் ஓடிப்போனால் நீலம். செல்லுபடியான பத்து இறக்கங்கள் முடித்தவருக்கு உலோகத்தில் செய்த சிறகுப் பதக்கம் தபாலில் வரும். மற்ற எல்லோரும் வாங்கிவிட்டார்கள். நாலு வருஷத்தில் மால்கம் கம்பியைப் பிடித்தது அறுபத்தோரு தடவை. அதில் டெரிக் ஒப்புக்கொண்டது ஒன்பது. மற்ற ஐம்பத்திரண்டுக்கும் 'செல்லாது, த்ராட்டில்' என்று எழுதினார். கம்பி அறுந்திருந்தால் விமானம் எங்கே போயிருக்கும் என்பது அவர் வாதம்.

அந்த விளையாட்டில் கம்பி அறுவதே கிடையாது. நெதர்லாந்தில் பொய்ப்பல் செய்யும் தொழிலில் இருக்கும் யோஸ்ட் இதை ஒருமுறை எடுத்துச் சொன்னான். படையிலேயே கெட்டிக்காரன் அவன். மூன்றாவது கம்பியைக் கண்ணை மூடிக்கொண்டு பிடிப்பான். கம்பி அறாது என்று நம்பி இறங்குகிறவன் விமானியே இல்லை என்று டெரிக் அவன் வாயை அடைத்தார். மால்கம் சிரித்துக்கொண்டே திரும்பவும் வரிசையில் போய் நின்றார். பத்தாவது கிடைக்காமல் போகாது, ஓய்வு பெற்றவனுக்கு நேரமா இல்லை என்றார்.

செப்டம்பரில் அவருக்குக் கணையத்தில் கட்டி என்று கண்டுபிடித்தார்கள். ஜனவரியில், இனி வைத்தியம் இல்லை, வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லும் இல்லத்துக்குக் கொண்டுபோனார்கள். ஜன்னலைத் திறந்தால் கார் நிறுத்துமிடம் தெரியும் அறை.

கிளெனிஸ் டெரிக்குக்குப் போன் செய்தார். சுற்றி வளைக்கவில்லை.

"அந்தச் சிறகைக் குடுத்திடுங்க டெரிக். பத்து ஆயிருச்சு, பழைய கணக்குல ஒண்ணு விட்டுப்போச்சுன்னு சொல்லிடுங்க. பேப்பர்ல எழுதி வச்சிருக்கார், ஒன்பதுன்னு. தூக்க மருந்துலயும் அதைத்தான் சொல்றார்."

டெரிக் தொண்டையைச் செருமிக்கொண்டார். கொடுப்பது பெரிய விஷயமில்லை என்றார். ஆனால் உழைக்காமல் கிடைத்ததை மால்கமே விரும்ப மாட்டான். அது அவனை அவமதிப்பதாகும். படையின் மரபு என்று ஒன்று இருக்கிறது. இந்த ரீதியில் நாலைந்து நிமிடம் பேசினார்.

"அவருக்கு எது பிடிக்கும்னு எனக்குத் தெரியாதா" என்றார் கிளெனிஸ் கடைசியில். பிறகு போனை வைத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் டெரிக்குக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கல்நெஞ்சர் இல்லை அவர். விதியைத் தளர்த்தாமல் இரக்கம் காட்ட ஒரு வழி வேண்டும், அவ்வளவுதான். மறுநாளே, உபரியாக வைத்திருந்த விமானக் கைப்பிடி, த்ராட்டில், மடிக்கணினி எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் கட்டிக்கொண்டு பேருந்தில் போனார். சாப்பாட்டு மேஜையைக் கட்டிலின் குறுக்கே இழுத்து அதில் எல்லாவற்றையும் பொருத்தினார். மால்கமின் முகம் மலர்ந்தது. ஆனால் கை கைப்பிடியில் நிற்கவில்லை; நழுவி நழுவி விழுந்தது. மூன்று முறை கிளம்பினார். மூன்று முறையும் கடலில் விழுந்தார். மீன் பிடிக்கப் போயிருந்தேன் என்று சொல்லிவிட்டு அப்படியே தூங்கிப்போனார்.

சாமான்களை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்த டெரிக் யோஸ்ட்டைக் கூப்பிட்டுத் திட்டத்தைச் சொன்னார். இரண்டு இருக்கை உள்ள பயிற்சி விமானம். முன்னால் மால்கம், பின்னால் இன்னொருவர். இரகசியமாகப் பின்னிருக்கையின் கைப்பிடிதான் வேலை செய்ய வேண்டும். முன்னால் இருப்பவர் எதை அசைத்தாலும் அசையும், விமானத்துக்குத் தெரியாது. மால்கம் தானே இறக்கியதாக நினைத்துக்கொள்வான். பத்தாவது. யோஸ்ட் ஒரு மணி நேரத்தில் அதைச் செய்து முடித்தான். பின்னிருக்கையில் தானே உட்காருவதாகவும் சொன்னான்.

டெரிக் ஒப்பவில்லை. இது கமாண்டரின் கடமை என்றார்.

"நீங்க கடைசியா எப்ப இறக்கினீங்க சார்?" என்று யோஸ்ட் கேட்டான்.

பதினொரு வருஷமாக நாலாயிரம் இறக்கங்களைப் பார்த்து மதிப்பெண் போட்டவருக்கு இது ஒரு கேள்வியா என்று டெரிக் நினைத்தார். நீச்சல் சொல்லிக்கொடுப்பவர் நனைய வேண்டும் என்று சட்டமா. கடைசியாக இறக்கி ஏழு வருஷம் ஆகியிருந்தது. ஒத்திகை பார்த்தால் இணையத்தில் எல்லோரும் பார்ப்பார்கள் என்பதால் ஒத்திகையும் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை பிற்பகல் மூன்று மணி. இல்லத்தில் கிளெனிஸ் எல்லாவற்றையும் பொருத்தி, மால்கமின் விரல்களைக் கைப்பிடியைச் சுற்றி வைத்தார். டெரிக் தன் அறையில் துணிச் சட்டத்தை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டார். காதில் மால்கமின் குரல் நூலாக வந்தது.

"பிடிச்சுக்குங்க பிள்ளைங்களா, கிளம்புது."

கிளம்புவது சுலபம், கப்பலே உண்டிவில்லில் வைத்த கல்லைப் போல எறிந்துவிடும். ஒரு சுற்றுச் சுற்றிக் கப்பலுக்குப் பின்னால் வந்தார் டெரிக். நாலாயிரம் முறை பார்த்த காட்சி. ஆனால் மேடையில் நின்று பார்த்தபோது விமானம்தான் சின்னதாக இருந்து பெரிதாகும். இப்போது கப்பல் சின்னதாக இருந்தது. பெரிதாகவே மாட்டேன் என்றது. பிறகு ஒரேயடியாகப் பெரிதானது. கொக்கி எதையும் தொடாமல் தளத்தைத் தாண்டிப் போனார்.

"உயரமா வர்ற மால்கம்" என்றார் வானொலியில். தான் செய்த தப்புக்கு மால்கமைக் கண்டித்தார். வேறு என்ன செய்வது, திட்டம் அப்படி.

இரண்டாவது தடவையும் கம்பி சிக்கவில்லை. சக்கரங்கள் நாலாவது கம்பிக்கு அப்பால் போய் விழுந்தன. இடப்பக்கம் சாய்கிறாய் மால்கம் என்றார். மூன்றாவது தடவை தாழ வந்து கப்பலின் பின்சுவரிலேயே மோதினார். திரை முழுக்க நெருப்பு. கணினி இன்னொரு விமானத்தைக் கொடுத்தது.

"டெரிக்" என்றார் மால்கம்.

"சொல்லு. பரவாயில்ல, பதட்டப்படாத. இன்னொரு தடவை வா."

"நான் கையை எடுத்து ரொம்ப நேரமாச்சு. கிளெனிஸ் எனக்குக் கஸ்டர்ட் ஊட்டிக்கிட்டு இருக்கா."

கொதிகலன் ஒருமுறை உறுமி அடங்கியது.

"யார் ஓட்டுறது? நீயா?"

"ஆமா" என்றார் டெரிக்.

"அதான பார்த்தேன். யோஸ்ட்டா இருந்தா முதல் தடவையே பிடிச்சிருப்பான்."

டெரிக்குக்கு மைக்கை அணைத்துவிட்டு ஃபெர்ரி ஏறி எங்காவது போய்விடலாம் என்று இருந்தது. ஆனால் மால்கம் இணைப்பை அணைக்கச் சொல்லவில்லை. கோபித்துக்கொள்ளவும் இல்லை. தலையணையை உயர்த்தி வைக்கச் சொல்லி கிளெனிஸிடம் கேட்பது காதில் விழுந்தது.

"சரி, வா. நான் பார்த்துச் சொல்றேன்."

வந்தார். மால்கம் மெல்லிய குரலில், மூச்சு வாங்க வாங்க, வழி சொன்னார். கொஞ்சம் வலப்பக்கம். வேகம் போதும். மூக்கைத் தூக்காதே. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பாலத்தில் போவது மாதிரி நினைத்துக்கொள்.

"அவசரப்படாதய்யா. கப்பல் எங்கயும் போயிடாது."

"போய்க்கிட்டுத்தான இருக்கு."

"போகுதுதான். உன்னை விட்டுட்டுப் போகாது."

சக்கரம் தளத்தில் இடித்தது. பெல்ட்டில் இழுத்தது போலத் திரை முன்னால் குனிந்து நின்றது. மூன்றாவது கம்பி. டெரிக்கின் கண்ணில் நீர் வந்துவிட்டது, அவருக்கே ஆச்சரியம்.

"த்ராட்டில் எங்க இருக்கு கமாண்டரே?" என்றார் மால்கம்.

டெரிக் குனிந்து தன் இடது கையைப் பார்த்தார். சக்கரம் தொட்டதுமே கை த்ராட்டிலைக் கடைசிவரை பின்னுக்கு இழுத்திருந்தது.

"பின்னால."

"கம்பி அறுந்திருந்தா?"

"கடல்ல."

"செல்லாது" என்றார் மால்கம். சிரிக்கத் தொடங்கினார், சிரிப்பு இருமலானது, இருமல் நிற்கவில்லை. யாரோ நர்ஸ் வேகமாக வரும் காலடி கேட்டது. இணைப்பை கிளெனிஸ் அணைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை டெரிக் சிறகுப் பதக்கத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். பஸ்ஸில் வரும்போதே பேச்சைத் தயார் செய்திருந்தார். அதில் 'படையின் வரலாற்றில்' என்ற சொற்றொடர் இரண்டு இடத்தில் வந்தது. கட்டிலின் பக்கத்தில் நின்றதும் அதெல்லாம் மறந்துபோனது. விதியை மாற்றிவிட்டேன், அந்த ஐம்பத்திரண்டும் செல்லும், உனக்கு அறுபத்தொன்று, என்று மட்டும் சொன்னார்.

மால்கமின் முகம் ஒரே நாளில் இன்னும் சுருங்கியிருந்தது. பதக்கத்தைப் பார்த்தார். அழகாகச் செய்திருக்கிறார்கள் என்றார்.

"நாலு வருஷமா செல்லாதது இன்னிக்கு எப்படிய்யா செல்லும்? நான் சாகப்போறேன்னா?"

டெரிக் பதக்கத்தை உள்ளங்கையில் புரட்டினார்.

"நேத்து நீ என்னை ஏமாத்தலாம்னு பார்த்த. தப்பில்ல, நல்ல எண்ணந்தான். ஆனா இப்ப நீ எதைக் குடுத்தாலும் எனக்குச் சந்தேகமா இருக்கு." அவர் கண்ணை மூடிக்கொண்டார். "ஒன்பதே இருக்கட்டும். அந்த ஒன்பது நிஜம்."

சிறிது நேரத்தில் தூங்கிவிட்டார். பதக்கத்தை மேஜையில் வைப்பதா, தலையணை ஓரம் வைப்பதா என்று டெரிக்குக்குத் தெரியவில்லை. திரும்பச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

தாழ்வாரத்தில் கிளெனிஸ், இயந்திரத்தில் பிடித்த தேநீரைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் டெரிக்குக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"நான் போன் பண்ணினேனே, அன்னிக்குக் குடுத்திருந்தா நம்பியிருப்பார். டெரிக் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு வாங்கி நெஞ்சுல வச்சுக்கிட்டிருப்பார். உங்க மேல அவருக்கு அவ்வளவு நம்பிக்கை."

தேநீர்க் கோப்பையை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

மால்கம் ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பாட்டு வண்டி வரும் நேரத்தில் இறந்துபோனார்.

தகனத்துக்கு டெரிக் போனார். கடைசி வரிசையில் உட்கார்ந்தார். பேருந்தில் போய்வந்த பிள்ளைகள், இப்போது நாற்பது வயதுக்காரர்கள், முன் வரிசைகளை நிறைத்திருந்தார்கள். யாரும் விமானத்தைப் பற்றிப் பேசவில்லை.

படைக்கென்று ஒரு சடங்கு இருந்தது. உறுப்பினர் ஒருவர் இறந்தால் மற்றவர்கள் அணிவகுத்து, அவருடைய இடத்தைக் காலியாக விட்டு, கப்பலின் மேல் தாழப் பறக்க வேண்டும். பிறகு ஒவ்வொருவராக இறங்க வேண்டும். கமாண்டர்தான் தலைமை தாங்கிப் பறக்க வேண்டும். கடைசியாக இறங்க வேண்டும். டெரிக் எழுதிய விதிதான். எழுதியபோது அவர்கள் எல்லோருக்கும் இன்னும் வயதாகவில்லை.

அடுத்த சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு நடத்தினார்கள். கிளெனிஸ் தன் சமையலறையில் டேப்லெட்டில் பார்ப்பதாக யோஸ்ட் சொன்னான். கிளம்பும் முறை வந்தபோது வானொலியில் யாரும் பேசவில்லை. மால்கம் சொல்வதைச் சொல்லலாமா என்று ஒவ்வொருவரும் நினைத்திருக்க வேண்டும். ஒருவரும் சொல்லவில்லை. கப்பல் ஒவ்வொருவராக எறிந்தது.

அணி நன்றாகவே வந்தது. வலப்பக்கம் மூன்றாவதாக மால்கம் பறக்க வேண்டிய இடத்தில் வெறும் நீலம். கப்பலைக் கடந்ததும் கலைந்து வரிசையானார்கள். யோஸ்ட் இறங்கினான். பிறகு மற்றவர்கள், எல்லோரும் கம்பியைப் பிடித்து, சிறகுகளை மடக்கி, தளத்தின் ஓரத்தில் வரிசையாக நின்று ஆகாயத்தைப் பார்த்தார்கள். ஆகாயத்தில் கமாண்டர் மட்டும் இருந்தார்.

முதல் தடவை கம்பியைத் தவறவிட்டார். மதிப்பெண் போடும் மேடை காலியாக இருந்தது. இரண்டாவது தடவையும் தவறவிட்டார். மூன்றாவது தடவை கப்பலுக்குப் பின்னால் வந்து வரிசை பிடித்தபோது, தன்னையறியாமல் காது கொடுத்துக் கேட்டார். வலப்பக்கமா, வேகம் போதுமா என்று யாராவது சொல்வார்கள் என்பது போல. ஹெட்போனில் லேசான இரைச்சல் மட்டும் இருந்தது. கொக்கி தளத்தைக் கீறிக்கொண்டு போனது, பொறி பறந்தது, கப்பல் கடந்து போய்விட்டது.

"நான் வழி சொல்லட்டுமா சார்?" என்றான் யோஸ்ட்.

வேண்டாம் என்றார் டெரிக். நாலாவது தடவையும் தவறியது. அதற்குப் பிறகு அவர் கப்பலை நோக்கித் திரும்பவில்லை. எரிபொருள் விளக்கு சிவப்பாகும்வரை அதே உயரத்தில் நேராகப் பறந்தார். பிறகு விசைப்பலகையின் மேல் ஓரத்திலிருந்த பொத்தானை அழுத்தி வெளியேறினார்.

ஒரு நிமிடம் கழித்து, இணைய இணைப்பு அறுந்துவிட்டது என்று இணையத்தில் எல்லோருக்கும் எழுதி அனுப்பினார்.